இங்கிலிஷ் 101: அமெரிக்கக் கல்லூரியில் கட்டுரை எழுதப் பழகுதல்

பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலத்தில் தொண்ணூறுக்கு மேல், டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்விலும் நல்ல மதிப்பெண். இத்தனையோடு அமெரிக்கக் கல்லூரிக்கு வரும் நம் பிள்ளைகளில் பலர் முதல் செமஸ்டரில் தடுமாறும் இடம் 'இங்கிலிஷ் 101' என்ற கட்டுரை எழுதும் பாடம். சில கல்லூரிகளில் வேறு எண், வேறு பெயர் இருக்கும். பாடம் ஏறக்குறைய ஒன்றுதான். "கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க வந்தவனுக்குக் கட்டுரை எதற்கு?" என்று கேட்டுப் பயனில்லை. ஹார்வர்ட் 1885-ல் முதலாண்டுக்குக் கொண்டுவந்த கட்டாயப் பாடத்தின் வழிவந்தது இது. பெரும்பாலான கல்லூரிகளில் எந்தத் துறைக்காரரும் தப்ப முடியாது.

இங்கே இடறிவிடுவது நம்முடைய ஆங்கிலத்தைவிட நம் பள்ளிக் கட்டுரைப் பழக்கம்தான். குறிப்புச்சட்டகம் போட்டு, முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று தலைப்பிட்டு அடிக்கோடிட்டு, நடுவில் ஒரு குறளும் பாரதியார் வரியும் சேர்த்தால் அங்கே மதிப்பெண் விழும். இங்கே நான்கு பக்கக் கட்டுரைக்கு உள்தலைப்பு பெரும்பாலும் வேண்டாம். பொன்மொழியோடு தொடங்கினால் பேராசிரியர் அதைத் தாண்டிப் போய்விடுவார். "ஆதிகாலம் தொட்டே மனிதன்..." என்று ஆரம்பித்தால் ஓரத்தில் சிவப்புக் கோடுதான்.

முதலில் பிடிபட வேண்டியது தீசிஸ். கட்டுரை நிறுவப்போகும் கருத்தை ஓரிரு வாக்கியத்தில் சொல்வது. வழக்கமாக முதல் பத்தியின் கடைசியில் வரும். "சமூக ஊடகத்தால் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு" என்பது தீசிஸ் ஆகாது. அது பட்டிமன்ற நடுவரின் தீர்ப்பு; இங்கே நீங்கள் ஓர் அணியின் பேச்சாளர். விவரம் தெரிந்த ஒருவர் "இல்லை, அப்படியில்லை" என்று மறுக்க இடமிருக்கிறதா என்று பாருங்கள். இடமில்லையென்றால் அது வெறும் தகவல். சிகாகோ பொது நூலகம் 2019-ல் தாமதக் கட்டணத்தை நீக்கியது என்பது தகவல். "தாமதக் கட்டணம் புத்தகத்தைத் திரும்பக் கொண்டுவருவதைவிட ஏழைக் குடும்பங்களை நூலகத்துக்கு வராமல் தடுக்கிறது, ஆகவே எல்லா நகரங்களும் அதை நீக்க வேண்டும்" என்பது தீசிஸ். எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தை நீங்களே எடுத்துவைத்துப் பதில் சொன்னால் மதிப்பெண் கூடும். அதை மறைத்தால் குறையும்.

அடுத்து பத்தி. அதே நூலகக் கட்டுரையை எடுத்துக்கொள்வோம். "அபராதம் பெற்றோருக்கு, ஆனால் முடங்குவது குழந்தையின் நூலக அட்டை" என்பது முதல் வாக்கியம். அந்தப் பத்தி முழுக்க இதற்கு மட்டுமே. அடுத்து ஆதாரம்: ஒரு புள்ளிவிவரமோ, நூலகர் ஒருவரின் கூற்றோ, இரண்டு வரி. அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை. இந்த ஆதாரம் நீங்கள் சொன்னதை எப்படி நிறுவுகிறது என்று நான்கைந்து வரி உங்கள் சொந்தச் சொல்லில் எழுத வேண்டும். பெரும்பாலோர் மேற்கோளோடு பத்தியை முடித்துவிடுவார்கள். மேற்கோளே பேசிவிடும் என்ற நம்பிக்கை. "ஸோ வாட்?" என்று பேராசிரியர் ஓரத்தில் எழுதினால் இந்த நான்கைந்து வரி விடுபட்டிருக்கிறது என்று பொருள்.

வடிவத்துக்கு எம்.எல்.ஏ. (மாடர்ன் லாங்வேஜ் அசோசியேஷன் என்ற அமைப்பு வகுத்த கட்டுரை வடிவ விதிகள்) முறையைக் கேட்பார்கள், 2021-ல் வந்த ஒன்பதாம் பதிப்புதான் இப்போது நடப்பில். ஊரிலிருந்து கொண்டுவந்த லேப்டாப்பில் தாள் அளவு ஏ4 என்று இருக்கும், அதை லெட்டருக்கு மாற்றுங்கள். மொழியை அமெரிக்க ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். நாற்புறமும் ஓர் அங்குல ஓரம், முழுக்க இரட்டை வரி இடைவெளி. 12 புள்ளி எழுத்தில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 250 முதல் 300 சொற்கள் பிடிக்கும். நூற்பட்டியல் பக்கம் பொதுவாகப் பக்கக் கணக்கில் சேராது. மேற்கோளுக்குப் பிறகு, மூல நூலை எழுதியவர் பெயரும் பக்க எண்ணும் அடைப்புக்குள் வரும், நடுவே கமா கிடையாது, முற்றுப்புள்ளி அடைப்புக்குப் பிறகு. உரைநடை மேற்கோள் நான்கு வரிக்கு மேல் போனால் அரை அங்குலம் உள்ளே தள்ளி, மேற்கோள் குறியில்லாமல்.

பெயர் விஷயத்தில் தமிழர்களுக்குத் தனித் தலைவலி. ஒவ்வொரு பக்கத்தின் வலது மேல்மூலையிலும் 'கடைசிப் பெயர்' வர வேண்டும். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் உள்ளவர்களுக்கு விசாவில் முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யூ.' (முதற்பெயர் தெரியவில்லை) என்று விழுந்திருக்கும். கல்லூரிப் பதிவில் கடைசிப் பெயராக எது இருக்கிறதோ அதையே போடுங்கள். கட்டுரைக்குள் நீங்கள் குறிப்பிடும் ஆசிரியரை முதல்முறை முழுப்பெயரால், பிறகு கடைசிப் பெயரால் மட்டும். 'திரு' வேண்டாம், முதற்பெயரும் வேண்டாம். எப்போதோ செத்துப்போனவராக இருந்தாலும் அவர் "வாதிடுகிறார்" என்று நிகழ்காலத்தில்தான் எழுத வேண்டும்.

எழுத்துத் திருட்டு என்று வரும்போது நம்மவர்கள் பெரும்பாலும் மாட்டுவது முழுப் பிரதியெடுப்பில் அல்ல. மூல வாக்கியத்தில் நான்கு சொல்லை மட்டும் மாற்றிப் போடுவதில். பக்கத்தை மூடிவிட்டு, நினைவிலிருந்து எழுதி, பிறகு மூலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சொந்தச் சொல்லில் எழுதினாலும் மூலத்தைக் குறிப்பிட்டாக வேண்டும். வேறு வகுப்புக்கு எழுதிய உங்கள் கட்டுரையையே அனுமதியில்லாமல் இங்கே கொடுப்பதும் பல கல்லூரிகளில் குற்றம். ஏ.ஐ. கருவிகளுக்கான விதி பேராசிரியருக்குப் பேராசிரியர் மாறும், சிலபஸைப் பாருங்கள். கூகுள் டாக்ஸில் எழுதினால் திருத்த வரலாறு பதிவாகும். சந்தேகம் கிளம்பினால் அதுதான் சாட்சி.

முதல் டிராஃப்ட்டைக் கெடுவுக்கு நான்கைந்து நாள் முன்பே முடித்து, கட்டுரை எழுத உதவும் கல்லூரியின் ரைட்டிங் சென்டரில் நேரம் வாங்குங்கள். பெரும்பாலும் இலவசம். அவர்கள் பிழை திருத்தித் தர மாட்டார்கள், தீசிஸையும் பத்தி வரிசையையும் பற்றிக் கேள்வி கேட்பார்கள். "சரிபார்த்துக் கொடுங்கள்" என்று நீட்டினால் நேரம் வீண், "இந்த மூன்றாம் பத்தி என் தீசிஸுக்கு உதவுகிறதா?" என்று கேளுங்கள்.

இதையெல்லாம் செய்தும் மதிப்பெண் தேறாமல், வகுப்பை விட்டுவிடலாம் என்று தோன்றினால், எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர்கள் ஆன்லைனில் 'டிராப்' பொத்தானைத் தொடும் முன் சர்வதேச மாணவர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். இளங்கலை மாணவருக்குச் செமஸ்டருக்குக் குறைந்தது 12 கிரெடிட் (பாடச் சுமையை அளக்கும் அலகு) தேவை. அலுவலகத்தின் முன்அனுமதி இல்லாமல் அதற்குக் கீழே இறங்கினால் விசா நிலையே போய்விடும். ஆரம்பத்தில் ஆங்கிலத்தால் சிரமப்படுபவர்களுக்குக் குறைந்த பாடச் சுமைக்கு விதியில் இடமுண்டு, ஆனால் கேட்டு வாங்க வேண்டும்.