கரும்பலகையின் வலது மூலை

மலர்க் குழுவினர் பாடசாலை நினைவு ஏதாவது எழுதித் தரச்சொல்லிக் கேட்டார்கள். விளையாட்டுப் போட்டி, பரிசளிப்பு விழா, நாடகம், விடுதிக் குழப்படி என்று மற்றவர்கள் எப்படியும் எழுதிக் கொடுத்திருப்பார்கள். என் பங்குக்குக் கரும்பலகையின் வலது மூலை. எங்கள் கணித மாஸ்டரிடம் படித்தவர்களுக்கு இவ்வளவு சொன்னாலே போதும். மற்றவர்களுக்காக மேலே எழுதுகிறேன்.

வாரத்தின் கடைசிக் கணிதப் பாடவேளை முடியும் தறுவாயில் மாஸ்டர் அந்த மூலையில் சின்ன எழுத்தில் ஒரு புதிர் எழுதுவார். சுற்றிவர ஒரு கட்டம் கீறி, "அழிக்க வேண்டாம்" என்று போடுவார். அடுத்த வாரம் வரை அது அங்கேயே கிடக்கும். புள்ளி இல்லை, பரிசு இல்லை, சோதனையிலும் வராது. விடையை அவராகச் சொன்னதாக எனக்கு நினைவே இல்லை. யாராவது விடையோடு போய் நின்றால், "சரி, ஏன்?" என்பார். அந்த "ஏன்" என்பதற்குப் பதில் இல்லாவிட்டால், சரியான விடையோடு வந்தவனும் தன் வாங்குக்குத் திரும்ப வேண்டியதுதான்.

முதலில் வந்தது எல்லோருக்கும் தெரிந்த புலி, ஆடு, புல்லுக்கட்டு. படகில் ஆளோடு ஒன்றைத்தான் ஏற்றலாம். ஆள் இல்லாத கரையில் புலி ஆட்டைத் தின்னும், ஆடு புல்லைத் தின்னும். இந்தக் கணக்கு 1,200 ஆண்டுகளுக்கு முந்திய லத்தீன் தொகுப்பொன்றிலேயே ஓநாய், ஆடு, முட்டைக்கோஸ் என்று இருக்கிறது. சார்லமேன் மன்னரின் அரசவைப் பள்ளியில் படிப்பித்த அல்குயின் என்ற ஆசிரியர், பிள்ளைகளின் புத்தியைத் தீட்டுவதற்காகத் தொகுத்தது என்பார்கள். மாஸ்டர் எங்களை நடித்தே காட்டச் சொன்னார். இரண்டு வாங்கு வரிசைகள் கரைகள், நடுவில் ஆறு. வகுப்பிலேயே மெலிந்தவன் ஆடு. ஆட்டை அக்கரையில் விட்டு, வெறுங்கையோடு வந்து, புலியைக் கொண்டுபோனதும் எல்லோரும் திகைத்து நின்றோம். புலியையும் ஆட்டையும் ஒன்றாக விட்டுவிட்டு வரமுடியாது. படகோட்டி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஆட்டின் கையைப் பிடித்து இழுத்தான். "அக்கரைக்கு வந்த என்னை ஏன் திரும்பக் கொண்டுபோறாய்?" என்று ஆடு சத்தம் போட்டது. மாஸ்டர் சிரித்துக்கொண்டே, "ஏழு தடவை ஆறு கடக்கிறதில் கணக்கு இந்த ஒரு தடவையில்தான் இருக்கு" என்றார். மற்ற ஆறும் தன்பாட்டில் நடந்துவிடும். வந்த வழியே ஒருமுறை திரும்பிப் போகவேண்டும் என்று ஒருவருக்கும் இலேசில் தோன்றாது.

பன்னிரண்டு நாணயப் புதிர்தான் எங்களை ஆகக்கூடுதலாக அலைக்கழித்தது. பன்னிரண்டில் ஒன்று போலி. அது பாரம் கூடியதா குறைந்ததா என்று தெரியாது. தட்டுத் தராசில் மூன்றே மூன்று தடவை நிறுத்து, எது போலி, கூடவா குறைவா என்று சொல்லவேண்டும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இது விஞ்ஞானிகளின் நேரத்தைத் தின்ற தின்னலில், இதை எதிரி நாட்டின்மேல் விமானத்திலிருந்து போடலாம் என்று ஒரு பகிடி உலவியதாம்.

எல்லோரும் ஆறுக்கு ஆறு என்று தொடங்கினோம். மாஸ்டர் நாணயத்தைத் தொடவே விடவில்லை. முதலில் எண்ணச் சொன்னார். போலி 12 நாணயங்களில் எதுவாகவும் இருக்கலாம், ஒவ்வொன்றும் கூடவோ குறையவோ இருக்கலாம். ஆக 24 சாத்தியங்கள். தராசு ஒரு தடவைக்கு மூன்று பதில்தான் சொல்லும்: இடம் தாழும், வலம் தாழும், சமம். மூன்று தடவைக்கு 27 பதில்கள். 24 அதற்குள் அடங்கும், ஆனால் தாராளமாக அல்ல. முதல் நிறுவை முடிந்தபின் மிச்சம் இரண்டு தடவைதான். அவை 9 பதில்களுக்குமேல் தராது. ஆறுக்கு ஆறு போட்டால் 12 சாத்தியங்கள் எஞ்சும், அதோடு சரி. ஐந்துக்கு ஐந்து போட்டுத் தட்டுச் சாய்ந்தால் 10, அதுவும் 9 ஐ விடக் கூட. மூன்றுக்கு மூன்று போட்டுச் சமமாய் நின்றால் வெளியே ஆறு நாணயம், மறுபடி 12. நாலுக்கு நாலு போட்டால் சாய்ந்தாலும் சமமானாலும் 8. வேறு வழியே இல்லை. தராசையே தொடாமல் முதல் நிறுவையைக் கண்டுபிடித்துவிட்டோம்! இரண்டாவது நிறுவைதான் வில்லங்கம்: ஒரு தட்டில் இருந்த சிலதை மற்றத் தட்டுக்கு மாற்றவேண்டும். அதை இங்கே எழுதப்போவதில்லை.

ஆனால் நான் இதை எழுத உட்கார்ந்தது உண்மையில் இன்னொரு புதிருக்காக. மாஸ்டர் ஆளுக்கொரு தாள் தந்தார். எட்டுக்கு எட்டுக் கட்டம் கீறி, மேல் இடது மூலைக் கட்டத்தையும் கீழ் வலது மூலைக் கட்டத்தையும் வெட்டி எடுத்திருந்தார். மிச்சம் 62 கட்டம். ஒவ்வொன்றும் பக்கத்துப் பக்கத்து இரண்டு கட்டங்களை மூடும் 31 டொமினோ கட்டைகள். நிரப்ப முடியுமா? மக்ஸ் பிளாக் என்ற தத்துவப் பேராசிரியர் 1946 இல் எழுதிய புதிர் இது. 62 ஐ இரண்டால் பிரித்தால் 31. முடியாமல் என்ன என்றுதான் எல்லோருமே நினைத்தோம்.

கடதாசி மட்டையில் கட்டை வெட்டி அடுக்கு அடுக்கென்று அடுக்கினோம். இடைவேளை முழுவதும் அதே வேலை. கெட்டிக்காரர்கள் எல்லாம் 30 கட்டை வைத்துவிட்டு, இரண்டு கட்டம் தனித்தனியாக எங்கோ மிஞ்ச, "இன்னும் கொஞ்சம்தான்" என்று நின்றார்கள். அடுத்த வாரம் மாஸ்டர் வந்து ஒவ்வொரு மேசையாகப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. தாளைச் செஸ் பலகைபோல் ஒன்றுவிட்டொன்று பென்சிலால் கறுப்படிக்கச் சொன்னார். அடித்தோம். "இப்ப, மிஞ்சின இரண்டு கட்டமும் என்ன நிறம்?"

என்னுடையது இரண்டும் கறுப்பு. பக்கத்தில் இருந்தவனுடையதும் இரண்டும் கறுப்பு. முன் வாங்கில் ஒருவன் மூலையை வேறுவிதமாகத் தொடங்கிக் கறுப்படித்திருந்தான். அவனுக்கு இரண்டும் வெள்ளை. ஒரு மேசையிலாவது கறுப்பு ஒன்று வெள்ளை ஒன்றாக மிஞ்சவில்லை. வகுப்பு அப்படியே அடங்கிப்போனது. எதிரெதிர் மூலைகள் எப்போதும் ஒரே நிறம். அவற்றை எடுத்துவிட்டால் ஒரு நிறத்தில் 30, மற்றதில் 32. ஒரு டொமினோ எப்படி வைத்தாலும் கறுப்பில் ஒன்று, வெள்ளையில் ஒன்றைத்தான் மூடும். எத்தனை வருடம் அடுக்கினாலும் அந்த இரண்டு மிஞ்சத்தான் செய்யும். நிறமில்லாத தாளை அவர் வேண்டுமென்றேதான் தந்திருக்கிறார்.

"முடியவில்லை" என்பது வேறு, "முடியாது" என்பது வேறு என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. முதலாவதைச் சொல்ல யாராலும் முடியும். இரண்டாவதைச் சொல்லக் காரணம் வேண்டும். அதற்குப் பிறகு மூலையில் வந்தவற்றில் பல இந்தச் சாதிதான். கோனிக்ஸ்பெர்க் நகரின் ஏழு பாலங்களை, ஒவ்வொன்றிலும் ஒருமுறைதான் என்று, நடந்து முடிக்கமுடியாததற்குக் கணித மேதை ஒய்லர் 1736 இல் தந்த காரணம்: ஒரு நிலத்துண்டுக்குள் ஒரு பாலத்தால் வந்தால் இன்னொன்றால் போகவேண்டும், ஆகவே நடை தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் தவிர மற்றதெல்லாம் இரட்டை எண்ணிக்கையில் பாலம் கொண்டிருக்கவேண்டும், ஆற்றால் பிரிந்த அந்த நகரின் நான்கு துண்டுகளுக்கும் பாலங்கள் ஒற்றை எண்ணிக்கையில். ஒரு கட்டம் காலியாக இருக்க, 1 முதல் 15 வரை எண் போட்ட கட்டைகளை நகர்த்தி விளையாடும் பெட்டியில் 14 ஐயும் 15 ஐயும் மட்டும் இடம் மாற்றச் சொல்லும் புதிர் 1880 இல் அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் பைத்தியமாக்கியது. அது முடியாதென்ற நிறுவல் 1879 இலேயே அச்சாகியிருந்தது. அந்தப் பெட்டியைத் தன் கண்டுபிடிப்பென்று பிற்காலத்தில் சொல்லிக்கொண்ட அமெரிக்கப் புதிர்க்காரர் சாம் லொயிட் 1,000 டொலர் பரிசு வேறு அறிவித்தார். பணத்துக்கு ஆபத்தே இல்லாத பரிசு.

இன்று கைபேசியில் வரும் "மேதைகளால் மட்டுமே முடியும்" வகைப் படங்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. 8÷2(2+2) என்பதுபோல் அடைப்புக்குறியை அரைகுறையாகப் போட்டுவிட்டு, விடை 1 ஆ 16 ஆ என்று சண்டை மூட்டுவது புதிரே அல்ல, எழுதியவரின் சோம்பல். மாஸ்டரின் மூலையில் அதற்கு இடம் கிடைத்திருக்காது.

எங்கள் வகுப்பு நண்பர்கள் கணினித் திரையில் கூடும் நாட்களில் உருப்படியான சண்டையும் வரும். மூன்று கதவு; ஒன்றின் பின்னால் கார். நீங்கள் ஒன்றைத் தெரிந்தபின் நிகழ்ச்சி நடத்துபவர் வேறொரு வெறும் கதவைத் திறந்துகாட்டி, மாற்றுகிறீர்களா என்று கேட்கிறார். மாற்றினால் வெல்லும் வாய்ப்பு மூன்றில் இரண்டு என்று 1990 இல் மரிலின் வொஸ் சவண்ட் என்ற அமெரிக்கப் பத்தி எழுத்தாளர் தன் பத்திரிகைப் பத்தியில் எழுத, சுமார் 10,000 கடிதங்கள் வந்தன. பிழை என்று அடித்துச் சொன்னவர்களில் கணிதப் பேராசிரியர்களும் இருந்தார்கள். எங்கள் கூட்டத்தில் மருத்துவரும் கணக்காளரும் பாதிக்குப் பாதிதான் என்று ஒற்றைக்காலில் நின்றார்கள். அந்த நாள் ஆடு இப்போது பொறியியலாளர். அவன்தான் கேட்டான்: "திறக்கிற ஆளுக்குக் கார் எங்கே என்று தெரியுமா, தெரியாதா?" அவருக்குத் தெரியும், தெரிந்துதான் எப்போதும் வெறும் கதவைத் திறக்கிறார் என்றால் மூன்றில் இரண்டு. தெரியாமல் திறந்தது தற்செயலாக வெறுமையாக இருந்தால் பாதிக்குப் பாதிதான். சண்டை அந்தக் கேள்வியோடு ஓய்ந்தது. மருத்துவர் மட்டும் இன்னும் முறைத்துக்கொண்டிருக்கிறார்.

மலர்க் குழுவினர் அனுமதித்தால் மூலையில் ஒன்று. செஸ் பலகையில் இம்முறை கறுப்பில் ஒன்றையும் வெள்ளையில் ஒன்றையும் எடுக்கிறோம். எந்த இரண்டு என்பது உங்கள் விருப்பம். 31 டொமினோவால் எப்போதும் நிரப்ப முடியுமா? பதில்களை மலர்க் குழுவின் முகவரிக்கு அனுப்புங்கள். வெறும் "முடியும்", "முடியாது" என்று வருபவை திருப்பி அனுப்பப்படும்.