நாலு பிஸ்டன் ஆசையும் ஒரு பாட்டில் பிரேக் ஆயிலும்

பெரிய பிரேக் கிட் ஒன்று பல வாரமாக என் ஆன்லைன் கார்ட்டில் கிடக்கிறது. முன்சக்கரங்களுக்கு நாலு பிஸ்டன் காலிப்பர், அகலமான டிஸ்க், கண்ணைப் பறிக்கும் சிவப்பு. (சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டுதான் டிஸ்க். பேட் என்னும் உராய்வுக் கட்டைகளைப் பிஸ்டனால் அதன்மேல் அழுத்தும் கவ்விதான் காலிப்பர்.) வாங்கவும் கை வரவில்லை, நீக்கவும் மனசு வரவில்லை. யோசித்ததை எல்லாம் எழுத்தில் இறக்கினாலாவது ஒரு முடிவு வரும் என்றுதான் இந்தப் பதிவு.

கார் மஸ்டா எம்எக்ஸ்-5, என்டி எனப்படும் நாலாவது தலைமுறை. எடை ஒரு டன்னை ஒட்டித்தான். முன்பக்க டிஸ்க் 258 மில்லிமீட்டர், ஒற்றை பிஸ்டன் காலிப்பர். இதே காருக்குச் சில நாடுகளில் 280 மில்லிமீட்டர் டிஸ்க்கும் பிரேக் தயாரிப்பாளரான பிரெம்போவின் நாலு பிஸ்டன் காலிப்பரும் மஸ்டாவே ஆப்ஷனாகக் கொடுத்தது. ஆசைக்கு விதை அங்கேதான் விழுந்தது. அவர்களே பெரிசாகப் போடுகிறார்கள் என்றால் நம்மிடம் இருப்பது ஏதோ குறைதானே?

ரோட்டைப் பொறுத்தவரை குறையே இல்லை. காய்ந்த ரோட்டில் பெடலை முழுசாக மிதித்தால் ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) துடிக்க ஆரம்பிக்கிறது. அதாவது, டயர் தாங்குவதைவிட அதிகமாகப் பிடிக்கும் பலம் இந்தச் சின்ன பிரேக்குக்கே இருக்கிறது. அதற்கு மேல் நாலு பிஸ்டன் போட்டாலும் ஆறு போட்டாலும் கார் ஒரு அடி முன்னால் நிற்கப் போவதில்லை. டயர் ரோட்டைப் பிடிக்கும் அளவான பிடிமானக் குணகம் 1 என்றால், மணிக்கு 100 கிலோமீட்டரிலிருந்து நிற்க 39 மீட்டர் வேண்டும். அதுவே 1.1 ஆனால் 36 மீட்டர் போதும். அந்த மூன்று மீட்டரைத் தருவது ரப்பர். காலிப்பரின் பெயின்ட் இல்லை.

அப்படியானால் எதற்கு இந்த யோசனை? ரேஸ் டிராக். நீள நேர்ப்பாதை முடிகிற இடத்தில் ஒரு கூர்மையான வளைவு. ஆரம்பச் சுற்றுகளில் பெடல் கல் மாதிரி நின்றது. போகப் போக அது கீழே இறங்க ஆரம்பித்தது. இரண்டு தடவை மிதித்தால்தான் மேலே வந்தது. வேகத்தைக் குறைத்து ஒரு சுற்று ஆறவிட்டு பிட்டுக்கு (டிராக் ஓரத்தில் கார் நிறுத்துமிடம்) திரும்பிவிட்டேன். கூட வந்த நண்பன் உடனே தீர்ப்புச் சொன்னான்: "டேய், உன் பிரேக் பத்தலடா. கிட்டு போடு."

பத்தவில்லை என்பது சரி. ஆனால் எது பத்தவில்லை? பிரேக் சூட்டில் தோற்கும் விதம் இரண்டு. காலுக்கு இரண்டும் வேறு வேறாகத் தெரியும். பெடல் கெட்டியாகவே இருக்கிறது, எவ்வளவு மிதித்தாலும் கார் வழுக்கிக்கொண்டு போகிறது என்றால் பேட் தன் சூட்டு எல்லையைத் தாண்டிவிட்டது. பெடல் மெத்தென்று தரைவரை போகிறது என்றால் பிரேக் ஆயில் கொதித்துவிட்டது. ஆயிலை அழுத்திச் சுருக்க முடியாது. அதனால்தான் கால் பலம் அப்படியே பிஸ்டனுக்குப் போகிறது. உள்ளே ஆவிக் குமிழி வந்துவிட்டால், வாயை அடைத்த சைக்கிள் பம்ப்பை அழுத்துவது போலத்தான். எனக்கு நடந்தது இரண்டாவது வகை.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. என்னையும் சேர்த்துக் கார் 1,100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 160-லிருந்து 60-க்கு இறக்கினால் சுமார் 930 கிலோஜூல் ஆற்றலை எங்காவது தள்ளியாக வேண்டும். அதில் எழுபது சதவீதம் முன் பிரேக்குகள் தலையில் விழுகிறது என்றும், இரண்டு முன் டிஸ்க்கும் சேர்ந்து பத்துக் கிலோ இரும்பு என்றும் வைத்தால், ஒரே மிதியில் டிஸ்க் சூடு 140 டிகிரி வரை ஏறும். அடுத்த வளைவு வருவதற்குள் அது ஆறியாக வேண்டும். முழுசாக ஆறாது. மிச்சச் சூடு சுற்றுக்குச் சுற்று சேரும். பேட் வழியாகப் பிஸ்டனுக்கும், அங்கிருந்து ஆயிலுக்கும் போகும்.

டிஸ்க் பிரேக் பெயர் வாங்கியதே இந்த விஷயத்தில்தான். 1953-ல் ஜாகுவார் சி-டைப் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை டிஸ்க் பிரேக்கோடு ஜெயித்தது. ஒரு தடவை குறைந்த தூரத்தில் நிற்பது அங்கே பெரிய விஷயம் இல்லை. நீள நேர்ப்பாதையின் முடிவில், சுற்றுக்குச் சுற்று, சூட்டில் தளராமல் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆயிலுக்கு வருவோம். கிளைகால் வகை பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். டாட் என்பது பிரேக் ஆயிலின் தரக் குறியீடு. டாட் 4 தரத்தின்படி புது ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி, 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தபின் எல்லை வெறும் 155. டாட் 5.1-க்கு 260, 180. டிராக்குக்கென்றே விற்கிற ஆயில்கள் புதிதில் 300-ஐத் தாண்டும். என் காரில் இருந்தது சாதாரண டாட் 4, அதுவும் புதிதில்லை. பிஸ்டன் எண்ணிக்கையைக் கூட்டினாலும் அதற்குள் இதே பழைய ஆயிலை ஊற்றினால் அதுவும் கொதிக்கும். (டாட் 5 என்று தனியாக ஒன்று உண்டு, அது சிலிக்கான். எண் பெரிசாக இருக்கிறதே என்று இதோடு கலந்துவிடாதீர்கள்.)

கிட்டைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. டிஸ்க் எடை பத்துக் கிலோவிலிருந்து பன்னிரண்டானால் மேலே போட்ட கணக்கில் 140 என்பது 120-க்குள் வந்துவிடும். அது நிஜ லாபம். என் தயக்கம் வேறு இடத்தில். முன்பக்கம் மட்டும் பிடி கூடினால் முன்டயர் சீக்கிரம் எல்லையைத் தொடும், பின் பிரேக் பாதி வேலையோடு சும்மா இருக்கும். முன்-பின் சமநிலை கெட்டால் காரை நிறுத்தும் தூரம் கூடவும் செய்யலாம். நாலு பிஸ்டன் என்றால் நாலு மடங்கு பலம் என்று நினைப்பதும் தப்பு. இரண்டு பக்கமும் பிஸ்டன் வைத்த, நகராத காலிப்பரில் ஒரு பக்கப் பிஸ்டன்களின் மொத்தப் பரப்புதான் கணக்கு. அந்தப் பரப்பு பழையதைவிட ரொம்பக் கூடிவிட்டால், அதே மாஸ்டர் சிலிண்டரோடு (பெடலை மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளும் உருளை) பெடல் இன்னும் கீழே போகும். இதையெல்லாம் கணக்கிட்டுச் செய்த கிட்டுகள் இருக்கின்றன. விற்கிறவர் பிஸ்டன் பரப்பைச் சொல்லாமல் நிறத்தை மட்டும் சொன்னால் நான் நகர்ந்துவிடுவேன். துளை போட்ட டிஸ்க்கும் அப்படித்தான். பார்க்க அழகு, டிராக் சூட்டில் துளையோரமாக விரிசல் விழும். எனக்கு வழவழ டிஸ்க் போதும்.

பேட் விஷயத்தில்தான் அதிகம் குழம்பினேன். முழு ரேஸ் பேட் சூடேறினால் அருமையாகப் பிடிக்கும். ஆனால் காலைக் குளிரில் முதல் சிக்னலில் மிதிக்கும்போது, பிடிக்கலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுப் பிடிக்கும். கீச்சுச் சத்தம், சக்கரம் முழுக்கக் கருந்தூள், டிஸ்க் வேறு சீக்கிரம் தேயும். டிராக்குக்கு இதே காரை ஓட்டிக்கொண்டு போய், இதே காரில் வீடு திரும்புகிறவன் நான். அதனால் குளிரிலும் பிடிக்கிற, அதிகச் சூட்டையும் தாங்குகிற நடுத்தர வகையாகப் பார்த்து எடுத்தேன். போட்டதும் நன்றாகப் பதப்படுத்தினேன்: படிப்படியாகச் சூடேற்றி, நடுவில் எங்கும் முழுசாக நிறுத்தாமல், கடைசியில் ஓட்டியபடியே ஆறவிட்டு. சூட்டில் பேடை அழுத்தியபடி நின்றால் பேட் பொருள் ஓரிடத்தில் அப்பிக்கொள்ளும். டிஸ்க் கோணிவிட்டது என்று பலர் புலம்பும் அதிர்வுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

ஆக, இப்போதைக்குப் புது ஆயிலும் பேடும் மட்டும். காலிப்பர் நகர்வதற்கான சறுக்கு ஊசிகளைத் துடைத்து கிரீஸ் வைத்ததில் இரண்டு பக்கப் பேடும் ஒரே மாதிரி தேய்கிறது. ஸ்டீல் பின்னல் போட்ட பிரேக் ஆயில் ஹோஸ் அடுத்த தடவை. அதே டிராக், அதே வளைவு: பெடல் கடைசிச் சுற்றுவரை மேலேயே நின்றது. நண்பனுக்குத்தான் ஏமாற்றம். "சிவப்பு காலிப்பர்னா போட்டோல நல்லா இருந்திருக்கும்டா" என்றான். அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

அடுத்து டிஸ்க் ஓரத்தில் சூட்டுக்கு நிறம் மாறும் பெயின்ட் அடிக்கப் போகிறேன். பச்சை 430 டிகிரியில் மாறும், ஆரஞ்சு 560-ல், சிவப்பு 610-ல். பச்சை மட்டும் மாறினால் எதையும் தொடமாட்டேன். சிவப்பும் மாறினால் முதலில் பம்பரிலிருந்து டிஸ்க்கின் நடுவுக்குக் காற்றுக் குழாய் இழுப்பேன். அப்புறம்தான் கிட், அதுவும் பின்பக்கத்தையும் சேர்த்துக் கணக்குப் பார்த்து. இன்னும் ஒட்டுகிற டயர் வாங்கும் எண்ணமும் இருக்கிறது. வாங்கினால் வளைவுக்கு இன்னும் கிட்டப் போய், இன்னும் பலமாக மிதிப்பேன். ஆறுவதற்குக் கிடைக்கிற நேரமும் குறையும். பெயின்ட் சோதனையை அந்த டயரோடு மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும்.