கரையோரப் பயிற்சிக்கு இறங்குமுன்: யாழ் மாணவருக்குச் சில குறிப்புகள்

கரையோரப் பாதுகாப்பில் பயிற்சி முடித்து வரும் றிப்போட்டுகளில் பாதி ஒரே மாதிரி இருக்கும்: இத்தனை கண்டல் நட்டோம், இத்தனை மூட்டை குப்பை அள்ளினோம், பக்கத்தில் குழுப்படம். திருத்துகிறவர் தேடுவது வேறொன்று. அடுத்த வருடம் இன்னொரு மாணவர் அதே இடத்தில் நின்று அதே கணக்கைத் திரும்ப எடுக்க முடியுமா? எடுக்க முடியாத றிப்போட்டுக்குப் புள்ளியும் விழாது, கரைக்கும் பயனில்லை.

அனுமதி விடயத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டப்படி, சராசரி உயர்நீர் மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றரும் சராசரி தாழ்நீர் மட்டக் கோட்டிலிருந்து கடற்பக்கம் 2 கிலோமீற்றரும் கரையோர வலயம். அதற்குள் நடுவதோ தோண்டுவதோ என்றால் கரையோரம் பேணல் திணைக்களத்தைக் கேட்க வேண்டும். சுண்டிக்குளம் தேசியப் பூங்கா என்றால் வனசீவராசிகள் திணைக்களத்தையும் கேட்க வேண்டும்.

ஆனால் திணைக்களக் கடிதத்தை மட்டும் நம்பி இறங்காதீர்கள். அளவு நாடாவும் ஜிபிஎஸ்ஸும் பிடித்தபடி நாலு பேர் களப்புக்குள் நடந்தால், கடலட்டைப் பண்ணைக்கு இடம் அளக்கிறார்கள் என்றுதான் வாடியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். அந்த நினைப்பு வந்தபிறகு விளக்கம் எடுபடாது. முதல்நாளே கடற்றொழிலாளர் சங்கத் தலைவரையும் விதானையாரையும் கண்டு, எந்தத் துண்டு, எத்தனை நாள், என்ன எண்ணப் போகிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள். அட்டைப் பண்ணை சரியா பிழையா என்று அங்கே யார் கேட்டாலும் கருத்துச் சொல்ல வேண்டாம். பாசையூர், குருநகர்ப் பக்கம் ஞாயிறு காலையில் சிரமதானம் வைத்தால் ஆள் வராது, பூசை நேரம்.

குப்பைக் கணக்குக்கு 100 மீற்றர் நீளத் துண்டு ஒன்று போதும். இரு முனையையும் ஜிபிஎஸ்ஸில் ஐந்து தசம தானம் வரை குறியுங்கள். அகலம் அலை நனைக்கும் கோட்டிலிருந்து அடம்பன் கொடியும் இராவணன் மீசையும் தொடங்கும் இடம் வரை. இருவர் பார்த்துச் சொல்ல, ஒருவர் எழுதட்டும். 2.5 சென்ரிமீற்றருக்குப் பெரிய பொருளை மட்டும் எண்ணுவது என்று முதலிலேயே முடிவுசெய்யுங்கள்; இடையில் மாற்றினால் மாதத்துக்கு மாதம் ஒப்பிட முடியாது. தங்கூசி (நைலோன்) வலைத் துண்டு, ரெஜிபோம் மிதவை, போத்தல், மூடி, சொப்பிங் பை ஒவ்வொன்றுக்கும் தனி நிரல். லேபலில் உள்ள மொழியையும் எழுதிக்கொள்ளுங்கள். வாடைக்காற்றுக் காலத்தில் வடமராட்சிக் கரையில் அது பல கதை சொல்லும். எடையை மட்டும் நம்பினால் ஏமாற்றம்தான்: நனைந்த வலைக்குள் மண் ஏறியிருக்கும். உதறிக் காயவைத்த பின்தான் நிறுக்க வேண்டும்.

அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று: தொண்டர்கள் உற்சாகத்தில் எண்ணுமுன்பே பொறுக்கிவிடுவார்கள். இன்னொன்று, ஒதுங்கிக் கிடக்கும் சாதாழை என்னும் கடற்புல்லையும் குப்பை என்று வாரிவிடுவார்கள். அது மணலைப் பிடித்து வைக்கிறது, தோட்டத்துக்குப் பசளையும் ஆகிறது. அதற்குள் சிக்கிய பிளாஸ்ரிக்கை மட்டும் எடுங்கள்.

கண்டல் மரக் கணக்குக்கு 10 மீற்றருக்கு 10 மீற்றர் சதுரம். தண்டின் சுற்றளவைத் தையல் நாடாவால் 1.3 மீற்றர் உயரத்தில் எடுத்து 3.14ஆல் பிரித்தால் விட்டம் வரும். தாங்குவேர் விடும் கண்டலில் அந்த உயரம் வேருக்குள் போய்விடும். அங்கே மிக மேலே உள்ள வேருக்கு 30 சென்ரிமீற்றர் மேலே அளக்க வேண்டும். கண்ணா என்ற இன்னொரு கண்டல் வகை 1.3 மீற்றருக்குக் கீழேயே பிரிந்தால் ஒவ்வொரு தண்டும் தனிக் கணக்கு.

நடுவதில்தான் கவனம் அதிகம் தேவை. இலங்கையில் கண்டல் நட்ட 23 இடங்களை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வில், 9 இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. பாதிக்கு மேல் பிழைத்தது 3 இடங்களில்தான். கன்றில் குறை இருக்காது, இடத்தில்தான் இருக்கும். எப்போதும் நீருக்குள் கிடக்கும் சேற்றில் வேர் மூச்சுமுட்டிச் சாகும். கோடையில் உப்புப் பூக்கும் தரவையில் கருகும். பக்கத்தில் தானாக முளைத்த கன்று எந்த மட்டத்தில் நிற்கிறதோ அந்த மட்டத்தில் நடுங்கள். அப்படி ஒன்றும் இல்லையென்றால் நடாமல் விடுவதே நல்லது. தாங்குவேர்க் கண்டலில் காய்க்கும் அதிலிருந்து தொங்கும் நீண்ட முளைக்கும் இடையே மஞ்சள் வளையம் தெரிந்தால் முளை முற்றிவிட்டது. கூர்நுனி கீழே, மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள். தலைகீழாக ஊன்றியவற்றை மாலையில் ஒருதடவை பார்த்துத் திருத்துங்கள், நிச்சயம் சில இருக்கும். ஆடு மாடு கண்ணா இலையை விடாது. வேலி செலவை முதலிலேயே போடுங்கள். 3, 6, 12ஆம் மாதங்களில் உயிரோடு நிற்பதை எண்ணாவிட்டால் நட்ட எண்ணிக்கைக்கு அர்த்தமில்லை.

களப்பில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்தபடி நடங்கள். மணலில் புதைந்த திருக்கை விலகிவிடும். குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய சுடுநீரில் காலை வைத்தபடி ஆஸ்பத்திரிக்கு. தில்லை மரக்கொப்பை முறிக்காதீர்கள், பால் கண்ணில் பட்டால் ஆபத்து. இது போர் நடந்த கரை: தெரியாத இரும்பைத் தொடாமல், வந்த காலடியிலேயே திரும்பிப் பொலிசுக்குச் சொல்லுங்கள்.

குறிப்பேட்டில் பென்சிலால் எழுதுங்கள், பேனா நனைந்தால் அழிந்துவிடும். நேரம், காற்று, நீர்மட்டம், உப்புத்தன்மை ஒவ்வொரு நாளும் வேண்டும். உப்புமானியை வடிநீரால் பூச்சியத்துக்குக் கொண்டுவந்த பிறகே அளவெடுக்க வேண்டும். முடிந்ததும் கணக்கை ஒரு பக்கத் தமிழில் எழுதி, பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்கும் அதே வாரத்தில் சங்கத்துக்கும் ஒரு பிரதி கொடுங்கள். அடுத்த வருடம் வரும் மாணவருக்கு அந்த வாடியில் ஒரு பிளேன்ரீயாவது கிடைக்கும்.