மேனேஜர் ஆன கதை

கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு பார்க்கிறேன். காலை ஒன்பதரை முதல் சாயங்காலம் ஆறரை வரை, நடுவில் ஒரு மணி நேரம் சாப்பாடு என்று சொல்லித்தான் வேலைக்கு எடுத்தார்கள். ஏழு வருஷத்தில் ஆறரைக்குக் கிளம்பிய நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். 11-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1, 20-க்குள் 3பி என்று மாதாமாதம் ஜிஎஸ்டி படிவங்கள். ஆடித் தள்ளுபடி வந்தால் ஸ்டாக் கணக்கு இடிக்கும். தீபாவளி நெருங்கினால் கல்லாவை எண்ணி ஷட்டரை இறக்கும்போது மணி பதினொன்று. அதற்கப்புறம் ஆடுதுறைக்கு பஸ் கிடைப்பது அன்றைய அதிர்ஷ்டம்.

மாதச் சம்பளக்காரிக்கு மணிக்கணக்கு ஏது என்றுதான் இருந்தேன்.

அம்மா நடவுக்குப் போனவள். ஒரு குறுவை நடவில், கரையேறும் நேரத்தில், "அரை மா நிலம் பாக்கி இருக்கு, முடிச்சுட்டுப் போங்க" என்றார் நிலத்துக்காரர். கையிலிருந்த நாற்றுமுடியை வரப்பில் வைத்துவிட்டுப் பன்னிரண்டு பெண்களும் அப்படியே நின்றார்கள். அரைக் கூலி கூட என்று பேசி முடித்த பிறகுதான் மறுபடி குனிந்தார்கள். சாப்பாட்டுத் தூக்கோடு நின்று பார்த்தேன், பத்து வயசு. பி.காம். படித்தும் எனக்கு அந்த வாய் வரவில்லை.

போன ஆடி ஒன்றாம் தேதி, கடையில் மாட்டியிருக்கும் தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் கிளம்பிய நேரத்தை எழுத ஆரம்பித்தேன். கடையே அச்சடித்த லட்சுமி படம் போட்ட காலண்டர்தான். மாதக் கடைசியில் கூட்டினால் 58 மணி நேரம் அதிகம்.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947: நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. கூடுதல் வேலையைச் சேர்த்தாலும் நாளைக்கு 10, வாரத்துக்கு 54 தாண்டக் கூடாது. கூடுதல் மணிக்கு இரட்டைச் சம்பளம். என் 18,200 ரூபாயை 26 நாளுக்கும் எட்டு மணிக்கும் வகுத்தால் மணிக்கு 87.50. இரட்டித்தால் 175. ஆடிக்கு மட்டும் 10,150 ரூபாய்!

தாள்களுக்கு ரப்பர் பேண்டு போட்டு முதலாளி மேஜையில் வைத்தேன். சத்தம் போடவில்லை, ஒவ்வொன்றாகப் புரட்டினார். "போனஸ் குடுக்கிறோம்லம்மா? குடும்பம் மாதிரிதானே இருக்கோம்?" போனஸ் வேறு, இது வேறு சார் என்றேன். குரல் கொஞ்சம் நடுங்கியது. "பார்க்கலாம்" என்றார்.

அடுத்த வாரம் விசிட்டிங் கார்டு வந்தது. என் பெயருக்குக் கீழே "மேனேஜர் - கணக்கு". எல்லோருக்கும் ஜாங்கிரி. பொய் சொல்வானேன், இரண்டு நாள் சந்தோஷமாகத்தான் இருந்தேன். கார்டைத் தூரத்தில் பிடித்துப் பார்த்த அம்மா, "எவ்வளவு ஏத்துனாரு?" என்றாள். ஏற்றவில்லை என்றதும் என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அப்புறம்தான் சட்டத்தின் 4-வது பிரிவைப் படித்தேன். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாதாம். அட! ஆனால் ஒரு பையனை வேலைக்கு எடுக்கவோ நிறுத்தவோ எனக்கு அதிகாரம் கிடையாது. பாத்ரூம் பல்பு மாற்றவே அவரைக் கேட்க வேண்டும். கார்டில் என்ன போட்டிருக்கிறது என்பதைவிட, பார்க்கிற வேலை என்ன என்பதுதானே பேச்சு?

கார்டையும் தாள்களையும் எடுத்துக்கொண்டு செவ்வாய்க்கிழமை தொழிலாளர் உதவி ஆய்வாளர் அலுவலகத்துக்குப் போகலாம் என்றிருக்கிறேன். அரை நாள் லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன். மேனேஜர் லீவுக்கு முதலாளி இன்னும் கையெழுத்துப் போடவில்லை.