கராஜ் பங்க்: அந்தக் கரகரப்பு எங்கிருந்து வருகிறது

பதினேழு வயதில் உடம்பையே தூக்கிப்போட்ட கராஜ் பங்கை, அந்தக் கரடுமுரடான ராக் சத்தத்தை, நாற்பதில் மறுபடி வாசித்துப் பார்க்க உட்காருகிறவர்களில் பலர் முதலில் கிதார் ஒலியைப் பெருக்கும் ஒரு பெரிய ஆம்ப் வாங்கிவிடுகிறார்கள். 100 வாட் ஆம்பின் வால்யூமை வீட்டில் இரண்டுக்கு மேல் திருப்ப முடியாது. கராஜ் பங்க் ஒலியோ சின்ன ஆம்ப் மூச்சுமுட்டும்போது பிறப்பது. 5 வாட் வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்ப், 8 அங்குல ஸ்பீக்கர் போதும். வால்யூமை முழுக்கத் திருப்புங்கள். பவர் வால்வு திணறி ஒலியலையின் உச்சியை நசுக்கும். அந்த நசுங்கல்தான் நமக்கு வேண்டியது.

1964-ல் கிங்க்ஸ் என்ற ஆங்கிலேய ராக் குழுவின் கிதார் கலைஞர் டேவ் டேவிஸ் ஒரு சின்ன எல்பிகோ ஆம்பின் ஸ்பீக்கர் காகிதத்தை பிளேடால் கீறினார். கீறிய காகிதம் கிதாரில் மீட்டும் ஒவ்வொரு கார்டுக்கும் (சுரக்கூட்டு) படபடக்கும். செய்து பார்க்க ஆசையென்றால் கழற்றி வைத்த பழைய ஸ்பீக்கரில் செய்யுங்கள். நடுவிலிருக்கும் கம்பிச்சுருள் பக்கம் பிளேடு போகவே கூடாது. அந்தச் சுருள் சாய்ந்து உரசினால் ஸ்பீக்கர் போச்சு.

ஒலியைக் கரகரப்பாக்கும் ஃபஸ் பெடலை கிதாருக்கு அடுத்து, மற்ற எல்லாப் பெடலுக்கும் முன்னால் மாட்டுங்கள். இடையில் பஃபர் (சிக்னலைத் தாங்கிக் கடத்தும் சுற்று) வந்தால், கிதாரின் வால்யூம் குமிழைக் குறைத்து ஒலியைத் தெளியவைக்கும் அழகு போய்விடும். பி.என்.பி. வகை ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் போட்ட பழைய பாணிப் பெடல்கள் பலவும் பாசிட்டிவ் கிரவுண்ட், அதாவது பேட்டரியின் பிளஸ் முனைதான் கிரவுண்டில் சேரும். மற்ற பெடல்களோடு ஒரே அடாப்டரில் கோத்தால் ஷார்ட் ஆகும். தனியாக 9 வோல்ட் பேட்டரி போடுங்கள். அறை சூடானால் ஜெர்மானியத்தில் மின்கசிவு கூடி, சுரம் முழுசாக ஒலிக்காமல் அறுந்து அறுந்து வரும். இரண்டு டிரான்சிஸ்டர் பெடலென்றால் இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டர் என்ற காலில் வோல்ட் மீட்டரை வையுங்கள். 4.5 வோல்ட் பக்கம் இருக்க வேண்டும். மீட்டர் மைனஸ் காட்டினால் பயப்பட வேண்டாம், பாசிட்டிவ் கிரவுண்டில் அப்படித்தான் காட்டும். விலகியிருந்தால் பெடலுக்குள் இருக்கும் டிரிம்பாட் என்ற சின்னத் திருகைத் திருப்பிச் சரிசெய்யுங்கள்.

பதிவுக்கு எல்லோரும் ஒரே அறையில், ஒரே நேரத்தில் வாசிக்க வேண்டும். டிரம்ஸுக்கு முன்னால் ஒன்றரை மீட்டர் தள்ளி, இடுப்பு உயரத்தில் ஒரு டைனமிக் மைக். சிம்பல் (உலோகத் தட்டு) மட்டும் இரைந்தால் மைக்கை இன்னும் தாழ்த்துங்கள். அதற்கும் அடங்காவிட்டால் டிரம்மர்தான் சிம்பலை மெதுவாகவும் ஸ்னேர் டிரம்மைப் பலமாகவும் அடிக்க வேண்டும். மிக்ஸிங்கில் இதைச் சுத்தமாகப் பிரித்தெடுப்பது கடினம். கம்ப்யூட்டரில் பதியும்போது ஒலி அளவின் உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டேப் நிரம்பி வழிந்தால் காதுக்கு இதம், டிஜிட்டல் வழிந்தால் வெறும் வெடிப்பு. கரகரப்பெல்லாம் மைக்குக்கு முன்பே உருவாகிவிட வேண்டும்.

பிசகும் அழகுதான்: 1963-ல் அமெரிக்காவின் போர்ட்லண்டில் கிங்ஸ்மென் குழு 'லூயி லூயி' பாடலைப் பதிந்தபோது பாடகர் ஜாக் ஈலி உயரத்தில் தொங்கிய மைக்கை அண்ணாந்து பார்த்துக் கத்தினார். கிதார் சோலோ முடிந்ததும் முந்திக்கொண்டு பாட ஆரம்பித்து நிறுத்த, டிரம்மர் ஓர் உருட்டலால் இடைவெளியை அடைத்தார். அதை அப்படியே வெளியிட்டார்கள். சொற்களில் ஆபாசம் இருக்கிறதென்று புகார் போக, எஃப்.பி.ஐ. விசாரித்தும் சொற்கள் பிடிபடவில்லை.

தாளத்தை அளந்து தட்டும் மெட்ரோனோம் வேண்டாம். மூன்று டேக் (முழுப் பாட்டையும் ஒருமுறை பதிவது) போதும். நான்காவதில் தொண்டை கட்டும், கைகள் ஜாக்கிரதையாகிவிடும். கோரஸில் வேகம் கொஞ்சம் ஏறுகிற டேக்கை வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடுங்கள்.