ஹெச்எஸ்-சிஆர்பி பரிசோதனை: ஆய்வகத்தில் பட்ட பாடு

வயிற்றுக் கொழுப்பு மிகுந்து, கொலஸ்ட்ராலும் எல்லைக்கோட்டில் நின்றதால், இதய நோய் அபாயத்தைக் கூடுதலாக மதிப்பிட மருத்துவர் எனக்கு ஹெச்எஸ்-சிஆர்பி ரத்தப் பரிசோதனை எழுதித் தந்தார். சிஆர்பி என்பது உடலில் அழற்சி இருந்தால் ரத்தத்தில் கூடும் ஒரு புரதம்; ‘ஹெச்எஸ்’ என்பது அதன் மிகக் குறைந்த அளவையும் துல்லியமாகக் காட்டும் உயர் உணர்திறன் முறை. ரத்தம் கொடுப்பது ஒரு நிமிட வேலை. சரியான பரிசோதனையைச் செய்ய வைப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது.

ஆய்வகத்தில் பதிவு செய்தவர் ‘ஹெச்எஸ்’ என்பதை விட்டுவிட்டு வெறும் சிஆர்பி என்று பதிந்துகொண்டார். ‘லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் கீழ், இயல்பு’ என்று ஒற்றை வரியில் அறிக்கை வந்தது. இரண்டும் ஒன்றுதான் என்று அவர் சாதித்தது இன்னமும் எரிச்சலூட்டுகிறது. இதய அபாயக் கணக்கில் 1-க்குக் கீழ் குறைவு, 1 முதல் 3 வரை நடுத்தரம், அதற்கு மேல் அதிகம் என்றிருக்க, 5-க்குக் கீழ் என்ற விடையால் யாருக்கு என்ன பயன்?

இச்சிறு வேறுபாட்டின் பின்னணியை மருத்துவர் பொறுமையாக விளக்கினார். கொழுப்புச் செல்கள் அளவுக்கு மீறிப் பெருத்து மடியும்போது, மேக்ரோஃபேஜ் என்னும் நோயெதிர்ப்பு செல்கள் அவற்றைக் கிரீடம்போல் சூழ்ந்து அழற்சியைத் தூண்டுகின்றன. அங்கே சுரக்கும் இன்டர்லூகின்-6 என்னும் சமிக்ஞைப் புரதம் கல்லீரலை எட்டியதும் சிஆர்பி உற்பத்தி கூடுகிறது. தமனிச் சுவரிலும் மேக்ரோஃபேஜ்கள் கொலஸ்ட்ராலை விழுங்கி நுரைச் செல்களாகிப் படிவை வளர்க்கின்றன. 2017-இல் வெளியான கேன்டோஸ் ஆய்வில், எல்டிஎல் என்னும் கெட்ட கொலஸ்ட்ராலைக் குறைக்காமல் அழற்சியை மட்டும் தணித்த கனாகினுமாப் மருந்து, ஏற்கெனவே மாரடைப்பு கண்டவர்களுக்கு அது மீண்டும் வருவதைக் குறைத்தது. இதைக் கேட்ட பிறகு பரிசோதனையைப் பாதியில் விட மனம் வரவில்லை.

அடுத்து எடுத்தபோது ஈறு வீங்கியிருந்தது. காய்ச்சல், வீக்கம் உண்டா என்று ஆய்வகத்தில் எவரும் கேட்கவில்லை. முடிவு 14. பத்துக்கு மேல் போனால் தொற்று போன்ற வேறு காரணம் இருக்கக்கூடும் என்பதால், உடல் தேறி இரண்டு வாரமாவது கழிந்த பின்பே மீண்டும் பார்க்க வேண்டும். இத்தகைய தொல்லை இருந்தால் தயவுசெய்து பரிசோதனையைத் தள்ளிப்போடுங்கள்.

வேறோர் ஆய்வகத்தின் அறிக்கையில் 0.26 என்று கண்டதும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் அது டெசிலிட்டர் (லிட்டரில் பத்தில் ஒரு பங்கு) கணக்கு; அதாவது லிட்டருக்கு 2.6 மில்லிகிராம். எண்ணுக்குப் பக்கத்தில் உள்ள அலகைப் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள். 2-ஐத் தாண்டினாலே அபாயத்தைக் கூட்டும் காரணியாகக் கொள்வார்கள் என்பதால், மருத்துவர் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையைத் தொடங்கி, எடையைக் குறைக்கவும் சொன்னார்.

மருந்துச் சீட்டைப் பத்திரமாக வைத்திருந்ததால், தவறான பரிசோதனைக்குக் கட்டிய பணத்தை முதல் ஆய்வகம் முழுமையாகத் திருப்பித் தந்தது.