அலமாரியில் இருந்த புரோநோட்டு

எங்கள் சபையில் கர்த்தருடைய ஜெபத்தைச் சேர்ந்து சொல்லும்போது ‘எங்கள் குற்றங்களை எங்களுக்கு மன்னியும்’ என்போம். சின்ன வயதிலிருந்து வாய்க்குப் பழகிய வார்த்தை. வேதாகமத்தைத் திறந்து மத்தேயு 6:12ஐ வாசித்தால் வேறு மாதிரி இருக்கும்: ‘எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்.’ இயேசு பேசிய அரமேயு மொழியில் பாவத்துக்கும் கடனுக்கும் ஒரே சொல்தான் என்று வேதபாட வகுப்பில் எங்கள் சபைப் போதகரான ஐயர் ஒருமுறை சொன்னார். அன்றைக்கு அது ஒரு தகவலாகக் காதில் விழுந்ததோடு சரி.

பாளையங்கோட்டையில் 22 வருஷமாகப் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். பற்று நோட்டு இல்லாமல் எங்கள் தொழில் நடக்காது. குற்றம் என்று சொன்னால் நான் நல்லவன் மாதிரி நின்றுகொண்டு சொல்லிவிடுவேன். கடன் என்று சொன்னால் ஆள் முகமும் தொகையும் தேதியும் கூடவே வந்துவிடும்.

எனக்கு வந்த முகம், சபையில் எங்களுக்கு மூன்று வரிசை முன்னால் உட்காருகிற ஒரு அண்ணாச்சியுடையது. 2022 மே மாதம் மகள் கல்யாணத்துக்கு என்னிடம் 80,000 ரூபாய் வாங்கினார். வட்டி வேண்டாம், புரோநோட்டு மட்டும் எழுதிக் கொடுங்கள் என்றேன். கடை மேஜையில்தான் எழுதினார். ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்பை நாக்கில் ஈரம் தொட்டு ஒட்டி, பாதி ஸ்டாம்பிலும் பாதி தாளிலும் விழுகிற மாதிரி கையெழுத்துப் போட்டார். பேனா ஸ்டாம்பின் ஓரத்தில் தட்டியதில் கடைசி எழுத்து கொஞ்சம் கோணியிருக்கும். அந்தக் கோணலை எத்தனை தடவை எடுத்துப் பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

பணம் வரவில்லை. முதலில் இரண்டு தடவை ‘அடுத்த மாசம் தம்பி’ என்றார். பிறகு கடைப் பக்கமே வரவில்லை. எட்டரை மணி ஆராதனைக்கு வருகிற மனுஷர் காலை ஆறு மணி ஆராதனைக்கு மாறிவிட்டார் என்று யாரோ சொன்னார்கள். எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது. அப்பமும் ரசமும் பகிர்கிற திருவிருந்துக்கு முன் சமாதானம் கொடுக்கும்போது அவருடைய கையை நான் பிடிக்க வேண்டியதில்லை அல்லவா?

போன வருஷம் ஏப்ரலில் என் வக்கீல் நண்பர் கேட்டார், “மே மாசத்தோட நோட்டு காலாவதி ஆகுதுல்லா? ஒரு ஐநூறு ரூபாயாவது கையில வாங்கி, பின்பக்கம் வரவு எழுதி கையெழுத்து வாங்கிருங்க. அதுலயிருந்து மறுபடி மூணு வருஷம் ஓடும்.” நான் போகவில்லை. மே மாதம் கடந்தது. ‘அண்ணாச்சிய மன்னிச்சு விட்டுட்டேன்’ என்று ஒருநாள் ராத்திரி சாப்பிடும்போது வீட்டில் சொன்னேன். உள்ளுக்குள் ஒரு திருப்தியும் இருந்தது.

என் மனைவி தட்டில் ரசம் ஊற்றிக்கொண்டே சொன்னாள், “நோட்டு செத்துப்போச்சுன்னு சொல்லுங்க. மன்னிச்சிட்டேன்னு சொல்லாதீங்க. மன்னிச்சது அவருக்குத் தெரியுமா?”

அதற்குப் பதில் இல்லை. மூன்று வருஷம் ஆனால் சட்டமே கைவிட்டுவிடுகிறது; அதற்கு என் தயவு எதற்கு? நான் சும்மா இருந்ததற்கு மன்னிப்பு என்று பேர் வைத்திருக்கிறேன். அந்த நோட்டு இன்னும் அலமாரியில், என் மகனின் ஞானஸ்நான சர்ட்டிபிகேட்டுக்கு அடியில்தான் இருந்தது.

அந்த ராத்திரி மத்தேயு 18ஐ எடுத்து வாசித்தேன். எத்தனை தடவை மன்னிக்க வேண்டும் என்று பேதுரு கேட்கிறான். ‘ஏழெழுபதுதரமட்டும்’ என்கிறார் ஆண்டவர். பிறகு ராஜாவிடம் பதினாயிரம் தாலந்து கடன்பட்டவனின் உவமை. அந்தப் பெரிய கடன் மன்னிக்கப்பட்டு வெளியே வந்தவன், தன்னிடம் நூறு வெள்ளிப்பணம் கடன்பட்ட உடன்வேலைக்காரனின் தொண்டையைப் பிடிக்கிறான். ஒரு தாலந்து 6,000 வெள்ளிப்பணம். அப்படியானால் ராஜாவுக்குக் கொடுக்க வேண்டியது ஆறு கோடி வெள்ளிப்பணம். பிரசங்கத்தில் எல்லாரும் இங்கே நின்று, அந்த ஆறு கோடிக்கு முன்னால் இந்த நூறு வெறும் தூசி என்பார்கள். எனக்கும் அப்படித்தான் பதிந்திருந்தது.

ஆனால் இரண்டு அதிகாரம் தள்ளி, திராட்சத்தோட்டத்து உவமையில், ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. என் கடையில் மூட்டை இறக்க வருகிறவருக்கு நாள் கூலி 800 ரூபாய். நூறு நாளுக்கு 80,000.

கால்குலேட்டரை மேஜையில் வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அந்த நூறு வெள்ளிப்பணம் தூசி இல்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன். அது மூன்று மாதத்துக்கும் மேலான கூலி. இயேசு அதைச் சின்னத் தொகை என்று எங்கேயும் சொல்லவில்லை. நமக்கு வலிக்கிற, நம் வீட்டுச் செலவைப் பாதிக்கிற தொகையைத்தான் அந்தக் கதையில் வைத்திருக்கிறார். கொடுத்தவனுக்கு நஷ்டம் உண்மையிலேயே நஷ்டம்தான். ராஜா மன்னித்தபோது அந்த ஆறு கோடி காற்றில் கரைந்துபோகவில்லை, ராஜாவின் கணக்கில் நஷ்டமாக விழுந்தது. இலவசமாக மன்னித்தார் என்று நாம் பாடுவது வாங்கினவர்கள் பக்கத்துக் கணக்கு. கொடுத்தவர் பக்கத்துக் கணக்கைப் பவுல் கொலோசெயர் 2:14இல் எழுதுகிறார்: நமக்கு விரோதமாக இருந்த ‘கையெழுத்தைக் குலைத்து’, அதைச் சிலுவையின்மேல் ஆணியடித்தார் என்று. அந்த இடத்தில் கிரேக்கத்தில் இருக்கிற சொல், கடன் வாங்கினவன் தன் கையால் எழுதிக் கொடுக்கிற பத்திரத்துக்கு வழங்கியது. நம்மூர்ப் பாஷையில் புரோநோட்டு. ஞாயிற்றுக்கிழமைதோறும் சிலுவையைப் பார்த்து உட்கார்ந்திருந்தவனுக்கு, அதில் ஒரு நோட்டு அடிக்கப்பட்டிருக்கிறது என்பது 54 வயதில்தான் உறைத்தது. காலாவதி ஆகட்டும் என்று அவர் அதை அலமாரியில் போட்டு வைக்கவில்லை.

அடைமழைக் காலத்தில் ஒரு ஞாயிறு சாயங்காலம், நோட்டை பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் முகம் வெளுத்துப்போனது. “தம்பி, தை மாசம் கண்டிப்பா...” என்று ஆரம்பித்தார். அவர் வீட்டு அக்கா அடுக்களை வாசலிலேயே நின்றுவிட்டார்கள். நான் பணம் கேட்டு வரவில்லை என்று சொல்லி, நோட்டை மேஜையில் வைத்து, கிழித்துப்போடுங்கள் என்றேன்.

அவர் தொடவில்லை. ரொம்ப நேரம் அந்தக் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “ரெண்டு வருஷமா நான் திருவிருந்து எடுக்கல தம்பி” என்றார். ஆறு மணி ஆராதனைக்கும் வந்தது கொஞ்ச நாள்தானாம். பீடத்தண்டை போய் முழங்கால் போட்டால், வந்த வழியில் என்னைப் பார்க்காமல் இருந்தாலும் என் பணம் ஞாபகம் வருமாம். பாதியிலேயே எழுந்து போய்விடுவாராம்.

அவர் வராமல் இருந்தது எனக்கு வசதி என்று முன்னால் எழுதினேனே, அந்த வசதியின் விலை இது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

நோட்டை அவர் கிழிக்கவில்லை. மடித்துத் தன் வேதாகமத்துக்குள் வைத்தார். “இது என்கிட்டயே இருக்கட்டும். நீ கேட்க வேண்டாம். என்னால முடிஞ்சப்போ நானா தாரேன், அதுக்கு நீ வேண்டாம்னு சொல்லக் கூடாது” என்றார். நான் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. அக்கா கொண்டுவந்த காப்பி ஆறிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் எடுத்துக் குடித்தோம்.